கந்தரோடை

யாழ்ப்பாணத்தில் ஆறு ஏது என்று வினவுவோர் பலர். வற்றாத ஆறு அங்கு இல்லைதான். ஆயினும், மாரிகாலத்தில் தெல்லிப்பழைப் பக்கத்தே திரளும் வெள்ளம் வழுக்கையாறு என்னும் பெயருடன் ஓடி, அராலிக்கருகே கடனீரேரியிற் கலக்கின்றது. சுன்னாகத்துக்கு மேற்கே, அவ்வாற்றை அடுத்து அமைந்த சிற்றூரே கந்தரோடை.

இவ்வூரின் தொன்மையைப் போல் பீரிஸ் என்னும் அறிஞர் 1917ஆம் ஆண்டில் எழுதி வெளிப்படுத்தினார். முத்திரை குத்திய பழங்காசுகளும் உரோம நாணயங்களும் இலக்குமி உருவம் பொறித்த தகடுகளும் இம்மண்ணிற் கிடைத்தன. முருகைக்கல்லாலான சிறு தூபிகள் பல ஒரே வளவில் நெருங்கி நிற்கின்றன. இவற்றைக் கட்டினோர் யாவர் என்பதே காண வருவோரின் முதற் கேள்வி. தமிழரிடையேயும் பௌத்தம் வாழ்ந்ததென்பதை மணிமேகலை கற்றோர் அறிவர். வழக்காடுவோர் அதனை எளிதில் மறந்துவிடுகின்றனர்!

தூபிகளினும் பழையது குடியிருப்பு. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, கிறித்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட கறுப்புச் சிவப்பு மட்கலங்கள் வெளிப்பட்டன. கடற்கரையை விட்டு உள்நாட்டில் அம்மக்கள் குடியேறியது ஏன்? விடை நிலத்திலேயே உளது. மழைநீரைச் சுண்ணாம்புப் பாறை உறிஞ்சித் தன்னுள் வைத்திருக்கும், மேலே செம்மண், வெள்ளத்தைத் தேக்கக் குளங்கள். இன்று வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கிணற்றிலிருந்து இறைக்கப்படுவது அந்நிலத்தடி நீரே.