கீழ்முதுகுவலியும் தசை பயோஃபீட்பேக்கும்
முதுகுத்தண்டின் இருபுறமும் தோலில் ஒட்டிய மின்முனைகள் தசையின் நுண்ணிய மின்னழுத்தத்தை அளக்க, கருவி அதை ஒலியாகவோ திரைக்கோடாகவோ உடனுக்குடன் காட்ட, அதைப் பார்த்தே நோயாளி தசையை அடக்கப் பழகும் பயிற்சி இது. தானாக நடப்பதாகத் தோன்றும் தசை இயக்கத்தையும் மனிதர் கற்று ஆளலாம் என்பதற்கு அடிப்படைச் சான்று 1963-இல் கிடைத்தது. ஒற்றை நரம்பணு இயக்கும் தசையிழைத் தொகுதியைக்கூடத் தன் விருப்பப்படி இயக்க முடியும் என்று ஜான் பாஸ்மாஜியன் அவ்வாண்டு காட்டினார். 1970-இல் புட்சின்ஸ்கியும் ஸ்டோய்வாவும் தசைத் தளர்வுக்கு இதைப் பயன்படுத்தி, இறுக்கத் தலைவலியிலும் சோதித்தனர். அங்கிருந்து முதுகுக்கு வந்தது. வலி தசையை இறுக்கும், இறுக்கம் வலியைக் கூட்டும், இறுக்கம் தளர்ந்தால் வலி போகும் என்பதே அன்றைய கணக்கு.

கணக்கு பிசகியது, சிகிச்சை பிழைத்துக்கொண்டது. நோவன் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் நிற்கும்போதுள்ள தசை இறுக்கம் குறைந்தது, வலி குறையவில்லை. 1985-இல் புஷ்ஷும் உடனாய்வாளரும் பயிற்சி பெற்றோர், போலிப் பயிற்சி பெற்றோர், எதுவும் பெறாதோர் என மூன்று தரப்பையும் ஒப்பிட்டபோது வேறுபாடே தெரியவில்லை. இத்துடன் கதையை முடித்துவிடலாம் என்பார் உண்டு. ஆனால் ஜெர்மனியின் ஹெர்டா ஃப்ளோர் குழு அதே 1985-இல் வேறொன்றைக் கவனித்தது: முதுகுவலிக்காரர் தம் சொந்த மனஉளைச்சலைப் பேசும்போது முதுகுத்தசை சட்டென எகிறியது. அப்படியானால் ஓய்வுநிலை இறுக்கத்தை மட்டும் அளந்தது தவறான இடத்தில் தேடியதாகும். ஃப்ளோரும் பிர்பாமரும் 1993-இல் 78 பேரிடம் நடத்திய ஒப்பீட்டில், 24 மாதங்களுக்குப் பிறகும் வலிக்குறைவைத் தக்கவைத்தது பயோஃபீட்பேக் பெற்ற குழு மட்டுமே.

நம்பிக்கைதான் வேலை செய்கிறது என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. 1984-இல் ஹோல்ராய்டு குழு, தலைவலிக்காரர் சிலருக்கு உண்மையில் தசையை இறுக்கவே பயிற்றுவித்தது; நன்றாகச் செய்கிறோம் என்று நம்பியவர்கள் தேறினர். இது இறுக்கக் கோட்பாட்டைத்தான் சாய்க்கிறது. தன் உடல் தன் வசம் என்ற உணர்வும் பயிற்சியில் கற்பதுதானே? அதேசமயம் எல்லாம் மனத்தில் என்று சொல்லவும் வழியில்லை. நலமானவர் முழுக்கக் குனிந்ததும் முதுகுத்தசை ஏறக்குறைய அடங்கிவிடும் என்று ஃப்ளாய்டும் சில்வரும் 1950-களிலேயே விவரித்தனர். நாள்பட்ட வலியுள்ள பலரிடம் அது அடங்குவதில்லை. பிற்காலப் பயிற்சிகளில் சில இந்த அடக்கத்தை மீட்பதையே குறியாகக் கொண்டன. அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டுதல், மருந்துக்கு முன் முயலத்தக்கவற்றுள் பயோஃபீட்பேக்கையும் சேர்த்து, சான்றின் தரம் தாழ்ந்தது என்றும் குறித்தது. அந்த மதிப்பீடு நியாயமானதே: ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, பயிற்சியாளருக்குத் தெரியாமல் பயிற்சியளிக்கவும் இயலாது.