கரணமும் பதிவேடும்: மணம் சமயத்தின் வினையா, அரசின் வினையா?

ஒரே பாலைச் சேர்ந்த இருவர் மணம் கொள்வது சமயம் தீர்க்க வேண்டிய வினாவா, குடிமைச் சட்டம் தீர்க்க வேண்டிய வினாவா என்னும் கேள்வி அண்மைக் காலத்தில் உலகெங்கும் எழுந்துள்ளது. இந்தியாவில் அது உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு வரை சென்று, 2023 அக்டோபர் 17 அன்று தீர்ப்பையும் பெற்றது. எனினும் அக்கேள்வியின் அடியில் அதனினும் பழையதொரு கேள்வி கிடக்கிறது. மணத்தை மணமாக்குவது எது? தீயா, தாலியா, சான்றோர் அவையா, பதிவாளரின் ஏடா? இவ்வினாவைத் தமிழகம் இருபதாம் நூற்றாண்டில் நாற்பது ஆண்டுகள் தன் சொந்த வாழ்விலேயே எதிர்கொண்டது. அவ்வரலாற்றை அறிந்தார்க்கே இன்றைய வழக்கின் உள்ளீடு விளங்கும்.

கரணத்தின் தோற்றம்

மணச்சடங்கைத் தொல்காப்பியர் ‘கரணம்’ என்பார். பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே பெரியோர் கரணத்தை வகுத்தனர் என்பது கற்பியல் தரும் செய்தி. இங்குச் சடங்கின் காரணமாகக் கூறப்படுவது வீடுபேறன்று. ஒருவன் ஒருத்தியைக் கூடிப் பின் ‘அறியேன்’ எனக் கைவிடும் கொடுமைக்கு எதிரான காப்பே அது. கொடுப்போர் இன்றியும் உடன்போக்கில் கரணம் நிகழும் என்று அவ்வியலே கூறுவதும் நோக்கத்தக்கது. ஆகவே கரணம் என்பது தொடக்கத்தில் ஊரறியச் செய்யும் உறுதியாகவே எண்ணப்பட்டது எனலாம்.

அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்கள் திருமண நிகழ்ச்சியை விரித்துரைக்கின்றன. மணல் பரப்பிய பந்தர், உளுந்து கலந்த உணவு, திங்களும் உரோகிணியும் கூடிய நன்னாள், மகப்பெற்ற மகளிர் நீராட்டி வாழ்த்துதல் ஆகியன அவற்றுள் உண்டு. தீவலமும் புரோகிதரும் இல்லை. சிலப்பதிகாரத்திலோ மாமுது பார்ப்பான் மறைவழி காட்டக் கோவலனும் கண்ணகியும் தீவலம் வருகின்றனர். மணமுறை காலந்தோறும் இடந்தோறும் மாறி வந்தது என்பதற்கு இவை போதிய சான்றுகளாம்.

ஈண்டு ஒன்றைத் தெளிவுறக் கூறல் வேண்டும். சங்க அகப்பாடல்கள் ஆண் பெண் காதலையே பாடின. ஒருபால் மணத்திற்கு அவற்றில் சான்றில்லை. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் கொண்ட உயிர்க்கேண்மையைத் தமிழ் மரபு நட்பு என்றே போற்றியது. இன்றைய தேவைக்காக அதற்கு வேறு பொருள் கற்பித்தல் ஆய்வறமாகாது. பழந்தமிழ் நூல்கள் இவ்வழக்கிற்குத் தருவது முன்னுதாரணம் அன்று. மணம் எதற்காக ஊரறிய நிகழ்கிறது என்னும் விளக்கமே.

சமயம் துறந்தோர்க்கு மட்டும்

குடிமைத் திருமணம் என்னும் கருத்துக்குப் பிரான்சு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. புரட்சிக்காலத்தில், 1792 செப்டம்பரில், மணப்பதிவு அங்குத் திருச்சபையின் கையிலிருந்து நகராட்சிக்கு மாறியது. இந்தியாவில் ஆங்கில அரசு அவ்வாறு செய்யவில்லை. அவரவர் மணம் அவரவர் சமய முறைப்படி என விட்டுவிட்டது. பிரம்ம சமாசத்தாரின் வேண்டுகோளால் 1872இல் ஒரு சிறப்புத் திருமணச் சட்டம் பிறந்தது. ஆயின் அதன்கீழ் மணப்போர் தாம் இந்து, இசுலாம், கிறித்துவம், பார்சி, பௌத்தம், சீக்கியம், சமணம், யூதம் எதனையும் சார்ந்தவரல்லர் என்று உறுதி கூற வேண்டியிருந்தது. சமயத்தை விட்டவர்க்கே அரசின் மணம் கிட்டியது. ஹரிசிங் கௌரின் முயற்சியால் 1923இல் இந்துக்கள், பௌத்தர், சீக்கியர், சமணர் ஆகியோர்க்கு இவ்வுறுதிமொழி தளர்த்தப்பட்டது. 1954இன் சட்டமே எச்சமயத்தார்க்கும் பதிவாளர் முன் மணக்கும் வழியைத் திறந்தது.

அதுவும் முற்றிலும் சமயச் சார்பற்றதாக அமையவில்லை. கூட்டுக்குடும்பத்து இந்து ஒருவர் வேற்றுச் சமயத்தவரை அச்சட்டப்படி மணந்தால் குடும்பத்தினின்று பிரிந்தவராகவே கருதப்படுவார். இந்துக்கள் இருவர் மணந்தால் இந்து வாரிசுரிமையே தொடரும் என்று 1976இல் திருத்தம் வந்தது. குடிமைச் சட்டத்தின் சுவருக்குள்ளும் சமயச் சட்டத்தின் வேர் ஓடுவதை இதனால் அறியலாம்.

சுயமரியாதைத் திருமணம்

தமிழகத்தின் தனிப்பங்களிப்பு இதன் பின்னரே வருகிறது. 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தம் என்னும் சிற்றூரில் புரோகிதரின்றித் தந்தை பெரியார் தலைமையில் நடந்த திருமணம் முதல் சுயமரியாதைத் திருமணமாகக் குறிக்கப்பெறுகிறது. அதன்பின் ஊர்தோறும் இம்மணங்கள் பெருகின. மந்திரம் இருந்த இடத்தில் உறுதிமொழி வந்தது. புரோகிதர் இருந்த இடத்தில் தலைவரும் தமிழறிஞரும் அமர்ந்தனர். மணமேடையில் வாழ்த்துப்பா வாசிக்கும் வழக்கம் தழைத்ததில் இவ்வியக்கத்தின் பங்கு பெரிது. மணமக்கள் தாம் சொல்வது இன்னதென அறிந்து, தம் மொழியிலேயே சொன்னார்கள்.

ஊர் ஏற்ற இம்மணத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. 1934இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் பற்றிய வழக்கு, 1950களின் தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. சாத்திரச் சடங்கும் இல்லை. தொன்றுதொட்ட வழக்கம் என்று சொல்லச் சில ஆண்டுகள் போதா. ஆகவே சட்டப்படி மணமில்லை என்பது தீர்ப்பின் சாரம். 1955இன் இந்துத் திருமணச் சட்டமும் வழக்கமான சடங்குகளையே மணத்தின் அடிப்படையாக வைத்தது. இதன் சுமை வீழ்ந்தது மேடையில் பேசியவர் மீதன்று. மணந்த பெண்கள் மீதும் அவர்தம் பிள்ளைகள் மீதுமே. ஊரறிய மனைவியாக வாழ்ந்தவள், கணவன் இறந்தபின் சொத்து வழக்கில் மனைவியல்லள் எனப்படும் நிலை இருந்தது. தொல்காப்பியர் எந்தக் கைவிடலுக்கு எதிராகக் கரணம் வந்தது என்றாரோ, அந்தக் கைவிடலுக்குச் சட்டமே வாயிலாயிற்று.

அறிஞர் அண்ணா முதலமைச்சரானபின், 1967இல் சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் இருவரும் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகக் கூறுதல், அல்லது மாலையோ மோதிரமோ அணிவித்தல், அல்லது தாலி கட்டுதல் இவற்றுள் ஒன்றே போதும். அதற்குமுன் நடந்த மணங்களும் செல்லும் என்றது சட்டம். நீதிமன்றம் ‘இயலாது’ என்றதைச் சட்டமன்றம் இயலச் செய்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இம்மணத்திற்குப் பெருங்கூட்டமோ பொது அறிவிப்போ வேண்டியதில்லை என்றும் தெளிவாக்கியது.

ஆயினும் இப்பிரிவின் எல்லைகளும் கருதத்தக்கன. சடங்கை மறுத்த மணம் ‘இந்துக்கள் இருவர்’ என்னும் சொல்லுக்குள்ளேதான் இடம்பெற்றது. ‘கணவன்’, ‘மனைவி’ என்னும் சொற்களும் அதிலேயே நின்றன.

கோயில் ஏற்றதும் அலுவலகம் மறுத்ததும்

சமயம் தடை, குடிமைச் சட்டம் விடுதலை என்னும் எளிய பகுப்பை நடைமுறை பொய்ப்பிக்கிறது. சகுந்தலா தேவி 1977இல் வெளியிட்ட நூலொன்றில் திருவரங்கத்து வைணவ அருச்சகர் ஒருவரின் கருத்தைப் பதிவு செய்துள்ளார். ஒருபால் காதலர் முற்பிறவியில் ஆணும் பெண்ணுமாய் இருந்த காதலராதல் கூடும். உடலின் பால் மாறினும் உயிரின் பற்று மாறாது என்பது அவர் விளக்கம். மறுபிறப்பு என்னும் பழங்கோட்பாட்டினின்றே ஒரு முதிய அருச்சகர் இந்த இரக்கத்தை அடைந்தார். 1987இல் மத்தியப் பிரதேசத்தில் பெண் காவலர் இருவர் கோயில் முறையில் மணந்தபோது, அவர்களைப் பணியினின்று நீக்கியது அரசுத்துறையே.

2018 அக்டோபரில் தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் ஆடவர் ஒருவரும் திருநங்கை ஒருவரும் மணந்தனர். பதிவு அலுவலகம் அம்மணத்தைப் பதிய மறுத்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரலில் அளித்த தீர்ப்பு, ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்றது. சொல்லின் பொருள் உறைந்து நிற்பதன்று, காலத்தோடு வளர்வது என்பது அதன் அடிப்படை. சொல்லாராய்ச்சியில் ஈடுபட்டோர்க்கு இது புதுமையன்று. ஆயின் ஒரு சொல்லின் பொருள் விரிவால் ஒரு குடும்பம் சட்டத்தின் நிழலைப் பெற்றது அரிய நிகழ்வே.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

2018 செப்டம்பர் 6 அன்று ஒருபால் உறவு குற்றமன்று என்றாயிற்று. குற்றம் நீங்கியது, உரிமை எஞ்சி நின்றது. 2023 ஏப்ரலில் தொடங்கிய விசாரணையில் சமயவழித் தனிச்சட்டங்களுக்குள் புகுவதில்லை என நீதிமன்றம் முதலிலேயே வரையறுத்தது. ஆகவே வழக்கு 1954இன் சிறப்புத் திருமணச் சட்டத்தையே பற்றியது. அதில் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என வயது வரையறுக்கப்பட்டுள்ளது. மணமுறிவும் வாழ்க்கைப்படியும் கணவன், மனைவி எனப் பிரித்தே எழுதப்பட்டுள்ளன. இவற்றைத் திருத்தி வாசித்தால் சட்டத்தையே புதிதாக எழுதுவதாகும் என்பது நீதிமன்றத்தின் முடிபு. மணம் புரிதல் அடிப்படை உரிமையன்று என்பதில் ஐவரும் ஒன்றுபட்டனர். இணைந்து வாழ்வதற்கு அரசு ஏற்பு வேண்டும் என்று தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதியரசர் கௌலும் கூற, ஏனைய மூவர் உடன்படவில்லை. ஆணும் திருநங்கையும், பெண்ணும் திருநம்பியும் இன்றுள்ள சட்டங்களின்படியே மணக்கலாம் என்பது அனைவர்க்கும் உடன்பாடு. மறுசீராய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.

பிற நாடுகளில் விடை வேறுவேறாக அமைந்தது. 2001 ஏப்ரலில் நெதர்லாந்து முதன்முதலாக இம்மணத்தைக் குடிமைச் சட்டத்தில் ஏற்றது. இங்கிலாந்து 2013இன் சட்டத்தில் ஆங்கிலத் திருச்சபைக்கு விலக்கு அளித்தது. டென்மார்க் 2012இல் திருச்சபை மணத்தையே அனுமதித்து, உடன்படாத குருமார் விலகிக்கொள்ளவும் வழி வைத்தது. அரசின் ஏடும் சமயத்தின் பீடமும் ஒன்றையொன்று நெருக்காமல் இருத்தல் இயலும் என்பதை இவை காட்டுகின்றன.

முடிவாக

மணத்தில் இரு வினைகள் உள்ளன. வாழ்த்துதல் ஒன்று, காத்தல் மற்றொன்று. வாழ்த்துவது சமயத்திற்கும் சுற்றத்திற்கும் உரியது. அதனை எச்சட்டமும் கட்டளையிட்டுப் பெற இயலாது. காப்பதோ அரசின் கடன். மருத்துவமனையில் ஒப்பமிடும் உரிமை, வாரிசுரிமை, ஓய்வூதியம் ஆகியன வழிபாட்டைச் சார்ந்தவையல்ல. சுயமரியாதைத் திருமணத்தை வாழ்த்தாத சமயவாதிகள் 1968க்குப் பின்னும் இருந்தனர். அதனால் எந்தப் பெண்ணும் மனைவி என்னும் தகுதியை இழக்கவில்லை.

2025 மே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில், குடும்பம் அமைக்க மணம் ஒன்றே வழியன்று என்றது. அது ஆறுதலான சொல். ஆயினும் சொத்து வழக்கில் அச்சொல் எவ்வளவு தாங்கும் என்பதைக் காலமே காட்டும். சுக்கிலநத்தத்திலிருந்து சட்டமன்றம் வரையுள்ள நாற்பதாண்டு வழியில் உறுதிமொழி முதலில் வந்தது. சட்டம் பின்னர் வந்தது. இடைப்பட்ட காலத்தின் விலையைக் கொடுத்தவர்கள், அவ்வுறுதிமொழியை நம்பி வாழ்ந்தவர்களே. இன்றும் அத்தகைய இடைக்காலத்தில் வாழ்வோர் உளர் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை.