மிட்டி கீ காடி

சூத்ரகரின் ‘மிருச்சகடிகம்’ என்னும் சமஸ்கிருத நாடகத்தைப் பாட்டும் ஆட்டமும் கலந்த இசை நாடகமாக ஹபீப் தன்வீர் 1958-இல் தில்லியில் மேடையேற்றியபோது அதற்கு இட்ட பெயர். மண் வண்டி என்று பொருள். மூல நாடகம் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியாரின் மொழிபெயர்ப்பால் ‘மண்ணியற் சிறுதேர்’ என்று தமிழில் அறிமுகமானது.

கதை உஜ்ஜயினியில் நடக்கிறது. கொடுத்துக் கொடுத்தே ஏழையான சாருதத்தனை வசந்தசேனை என்ற கணிகை விரும்புகிறாள். பொன் வண்டி கேட்டு அழும் அவன் மகனின் மண் வண்டியில் தன் நகைகளை நிரப்புகிறாள். பின்னர் அந்த நகைகளே சாருதத்தன் மீது விழுந்த கொலைப் பழிக்குச் சாட்சியாகின்றன. சூத்ரகரும் ஒரு தழுவலைத்தான் எழுதினார்: பத்து அங்கங்களில் முதல் நான்கும் பாசருடையதாகச் சொல்லப்படும் ‘சாருதத்தம்’ நாடகத்தை ஒட்டியே செல்கின்றன.

மேடைக்கு இந்நாடகம் புதிதல்ல. பாரிஸ் 1850-இலும் நியூயார்க் 1924-இலும் தத்தம் தழுவல்களைப் பார்த்துவிட்டன. மராத்தியில் கோவிந்த் பல்லாள் தேவல் இதைச் சங்கீத நாடகமாக்கினார்.

ராய்ப்பூரில் பிறந்த தன்வீர், 1950களின் நடுவில் லண்டனிலும் பிரிஸ்டலிலும் நாடகம் பயின்றார். பெர்லினில் பிரெக்டின் குழுவினரது நாடகங்களைப் பார்த்தார். ஊர் திரும்பியவர் விடிய விடிய நடந்த நாச்சா ஆட்டத்தில் சொக்கிப்போனார். நாச்சா சத்தீஸ்கர் வயற்காட்டுக் கலைஞர்களின் கூத்து. அதிலிருந்து ஆறு கலைஞர்களைத் தில்லிக்கு அழைத்து வந்தார். பேகம் குத்ஸியா ஸைதியின் ‘ஹிந்துஸ்தானி தியேட்டர்’ குழுவுக்காக, அவருடைய ஹிந்துஸ்தானி வடிவத்தைக் கொண்டு, நகரத்து நடிகர்களோடு அவர்களையும் சேர்த்து நாடகத்தை அமைத்தார். பாடல்கள் நியாஸ் ஹைதருடையவை.

காவிய நாடகத்தில் கூத்தாடிகளா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர்கள் மூலத்தைக் கவனித்துப் படித்தவர்களாகத் தெரியவில்லை. சமஸ்கிருத நாடகத்தில் பாத்திரம் மேடையை ஒருமுறை சுற்றி வந்தால் வீடு தெருவாகிவிடும், தெரு தோட்டமாகிவிடும். திரையும் தட்டியும் வேண்டாம். நாச்சாவிலும் நம் தெருக்கூத்திலும் இதுதான் வழக்கம். மொழியும் அப்படியே. உயர்ந்தோர் சமஸ்கிருதம் பேச, மற்றவர்கள் விதவிதமான பிராகிருதங்கள் பேசுவார்கள். அரசனின் மைத்துனன் சகாரனுக்கோ ‘ச’கரத்தைக் குழைக்கும் தனிப் பேச்சு, இதிகாசப் பெயர்களையும் தாறுமாறாக மாற்றிச் சொல்வான். சர்விலகன் என்ற திருடன் சுவரில் கன்னம் வைக்கும்போது துளையைத் தாமரை வடிவில் இடலாமா, குட வடிவில் இடலாமா என்று கலைநுணுக்கத்தோடு யோசிக்கிறான். அளவு நூல் மறந்துபோனதால் தன் பூணூலால் அளக்கிறான். இந்தக் குறும்பை விறைத்து நின்று வசனம் ஒப்பிக்கும் நடிகரைவிட, பார்வையாளரிடம் கண் சிமிட்டிப் பழகிய கூத்துக் கலைஞரால் நன்றாகச் செய்ய முடியும்.

ஆயினும் 1958-இல் எல்லாம் கூடிவந்துவிடவில்லை. கிராமத்துக் கலைஞர்கள் தங்களுக்குப் பழகாத இந்தியில் பேச வேண்டியிருந்தது. எந்த வசனத்துக்கு எங்கே நிற்பது என்பதையும் இயக்குநரே வகுத்தார். அந்தக் கட்டுதான் அவர்களை முடக்கியது என்பதைப் பின்னாளில் தன்வீரே வெளிப்படையாகச் சொன்னார்.

தன்வீர் ஹிந்துஸ்தானி தியேட்டரை விட்டு விலகி, 1959-இல் மொனீகா மிஸ்ராவுடன் ‘நயா தியேட்டர்’ குழுவைத் தொடங்கினார். 1973-இல் ராய்ப்பூரில் நடத்திய நாச்சா பட்டறைக்குப் பிறகு கலைஞர்கள் தாய்மொழியிலேயே பேசினர். அசைவும் அவர்கள் விருப்பம். இந்த வழியில் வந்த ‘சரண்தாஸ் சோர்’ (1975) 1982-இல் எடின்பரோ விழாவில் பரிசு பெற்றது. 1970களின் பிற்பகுதியில் மிட்டி கீ காடியும் சத்தீஸ்கரி வாடையோடு மறுபடி மேடைக்கு வந்தது. என் கணிப்பில் அந்தக் காடியே சூத்ரகருக்கு நெருக்கமானது.

தில்லியின் பேர் சராயில் நெடுங்காலம் இருந்த தன்வீர், 1990களில் குழுவோடு போபாலுக்குக் குடிபெயர்ந்தார். 2009-இல் அங்கேயே காலமானார். இதே கதை திரைக்கும் போனது: கிரீஷ் கர்னாட் இயக்கிய ‘உத்சவ்’ (1984) படத்தில் ரேகா வசந்தசேனையாக நடித்தார்.