சுவருக்குள் ஒரு ஜன்னல்

சின்ன வாடகை வீடு ஒன்றைப் புதுப்பிக்கும்போது அறைகளை எப்படிப் பிரிப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? குடியிருப்பவரா, வீட்டுக்காரரா? இதற்கு நியூயார்க்கில் உள்ள ஒரு பழைய கட்டிடம் நல்ல பதில் சொல்கிறது.

மன்ஹாட்டனில், லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில், 97 ஆர்ச்சர்ட் தெருவில் இருக்கிறது அது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய தையல்காரர் லூகாஸ் குளோக்னர் 1863-ல் கட்டியது. ஐந்து தளங்கள், தளத்துக்கு நான்கு வீடுகள். ஒரு வீடு சுமார் 325 சதுர அடிதான். முன்னறை, சமையலறை, படுக்கையறை என மூன்று அறைகள் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக இருக்கும். முன்னறைக்கு மட்டுமே வெளியே பார்த்த ஜன்னல். மற்ற இரண்டும் பகலிலும் இருட்டு. கழிப்பறை கொல்லைப்புறத்தில். குறுகிய மனையில் எத்தனை குடும்பங்களை வைக்கலாம் என்ற வாடகைக் கணக்குதான் இப்படி ஒரு வரைபடத்தைப் போட்டது.

காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகளில் காசநோய் பரவுகிறது என்று சீர்திருத்தக்காரர்கள் குரல் கொடுத்தார்கள். 1901-ல் புதிய சட்டம் வந்தது. அது புதிய கட்டிடங்களோடு நிற்கவில்லை; பழையவற்றையும் மாற்றச் சொன்னது. இரண்டு குடும்பங்களுக்கு ஒரு கழிப்பறை, அதுவும் கட்டிடத்துக்குள்ளேயே வேண்டும் என்றது. உரிமையாளர்கள் சும்மா இருப்பார்களா? கழிப்பறை மாற்றத்தை எதிர்த்து மோஷன் என்ற உரிமையாளர் நடத்திய வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1906-ல் தோற்றது.

97-ஆம் எண் கட்டிடத்தில் 1905 வாக்கில் வேலை நடந்தது. சுற்றிலும் சுவர் இருக்க, இருட்டறைக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும்? அறைக்கும் அறைக்கும் நடுவே உள்ள சுவரை உடைத்து அங்கே ஜன்னல் வைத்தார்கள்! முன்னறை வெளிச்சம் அதன் வழியே உள்ளே வந்தது. கட்டிடத்தின் நடுவில் காற்றுக்கூண்டு ஒன்றும், தளத்துக்கு இரண்டு கழிப்பறைகளும் அமைத்தார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை ஒரு வெற்றிக் கதை என்று சொல்லிவிடலாம். ஆனால் 1930-களில் தீப்பாதுகாப்பு விதிகள் இறுகின. மரப் படிக்கட்டை மாற்றச் செலவாகும். வீட்டுக்காரர் அந்தச் செலவைச் செய்யாமல், 1935-ல் குடியிருந்தவர்களை வெளியேற்றிவிட்டு, கீழே கடைகளை மட்டும் வைத்துக்கொண்டார். மாடி வீடுகள் ஐம்பது வருடத்துக்கும் மேல் பூட்டியே கிடந்தன. 1988-ல் அருங்காட்சியகம் அமைக்க இடம் தேடியவர்கள் கண்ணில் பட்டதால் அந்த ஜன்னல்களை இன்றும் பார்க்க முடிகிறது.

ஜன்னலைக் கேட்டு வாங்கித் தந்தது சட்டம். பூட்டுச் சாவி மட்டும் கடைசிவரை வீட்டுக்காரரிடமே இருந்தது. குடியிருந்தவர்களை இரண்டு முறையும் யாரும் கேட்கவில்லை.