ஆசாரி மாமாவின் நூல்

போன மாசம் பத்தாயத்துக்கு மூடி போட ஒரு பிளைவுட் வாங்கினேன். எட்டடிக்கு நாலடி. மரம் அறுக்குற கை மெஷின்ல அறுத்தேன். கோணிப் போச்சு. பாதிப் பலகை வீண்.

எங்க ஊர் ஆசாரி மாமாகிட்ட மெஷின் கிடையாது. காவி தோய்ச்ச நூலை ரெண்டு முனையிலும் இழுத்துப் பிடிச்சு, நடுவுல தூக்கிச் சுண்டுவார். கோடு விழும். அதுமேலயே ரம்பம் போகும். பழைய வழக்கம் இது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில், மரத்தின் கோணலைத் தச்சன் நூல் தீர்க்கிற மாதிரி மனசின் கோணலைப் படிக்கிற நூல் தீர்க்கும்னு வருது.

பிளைவுட் பிற்காலம். 1905ல் அமெரிக்காவில் போர்ட்லேண்ட் நகரக் கண்காட்சியில் ஊசியிலை மரத்துப் பிளைவுட்டை வச்சாங்க. 1920களில் எட்மண்ட் மிஷேல் கையில் பிடிக்கிற வட்ட ரம்ப மெஷினைச் செஞ்சார். வேகம் வந்துச்சு. ஆனா நூல் கண்ணுக்குத்தான் வழி காட்டும். மெஷினைப் பிடிச்சு நிறுத்தாது.

அதனால ஒரு சட்டம் செஞ்சேன். 6 மி.மீ. பலகைமேல, மில்லில் அறுத்த நேர் விளிம்புள்ள பட்டையை ஒட்டி ஸ்க்ரூ போட்டேன். மெஷினைப் பட்டையோட அணைச்சு ஒருதடவை ஓட்டினா, அடிப்பலகையில் மிச்சம் அறுந்து விழும். அந்த விளிம்புதான் பிளேடு போற இடம். விளிம்பைக் கோட்டுமேல வச்சு, கிளாம்ப் போட்டு ஓட்டினா போதும்.

மூடி நேரா உட்கார்ந்திருச்சு. மாமா இப்ப இல்லை. அந்தப் பட்டை நேரா இருக்கான்னு நான் பார்த்தது அவர் விட்டுட்டுப் போன நூலை இழுத்துப் பிடிச்சுத்தான்.