பழங்காலக் கார்: வாங்குமுன் நிலை அறிதலும் சீரமைப்புச் செலவும்

பழைய கார் ஒன்றின் உடற்கூடு, இன்ஜின், ஒயரிங், உள்ளலங்காரம், ஆவணங்கள் ஆகியவற்றைச் சோதித்து, அதைச் சீராக்க எவ்வளவு செலவாகும் என்று வாங்குமுன்பே கணக்கிடுவது நிலை மதிப்பீடு எனப்படும். வாங்கும் விலை அந்தக் கணக்கின் முதல் வரி மட்டுமே. மலிவாகக் கிடைத்த கார் பட்டறையில் பல மடங்கு பணத்தை விழுங்கிவிடும். சற்றுக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய முழுமையான கார் முடிவில் சிக்கனமாக அமையும். காரின் இரும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, எந்தெந்தப் பாகங்கள் காணாமற் போயிருக்கின்றன என்ற இரண்டு கேள்விகளே பெரும்பாலும் செலவைத் தீர்மானிக்கின்றன.

வயதும் தரமும்

பிரிட்டிஷ் வழக்கில் ‘விண்டேஜ்’ என்ற சொல் 1919 முதல் 1930 இறுதிவரை செய்யப்பட்ட கார்களைக் குறிக்கும். உலகப் பழங்கால வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிவா, 30 ஆண்டு கடந்த வாகனங்களைத் தன் வரம்புக்குள் கொள்கிறது. இந்தியாவில் 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்த வாகனமே விண்டேஜ் ஆகும்.

நிலையைக் குறிக்க எண்களும் வழக்கில் உள்ளன. அமெரிக்காவில் பரவலான ஓர் அளவுகோல் 1 முதல் 6 வரை செல்கிறது: 1 என்பது குறையற்றது, 6 என்பது உதிரி பாகத்துக்கு மட்டும் உதவுவது. ஜெர்மனியில் 1 முதல் 5 வரை தரம் இடுவர். விற்பவர் சொல்லும் எண்ணையோ, ‘ரன்னிங் கண்டிஷன்’ என்ற சொல்லையோ அப்படியே ஏற்காமல், ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே தரமிட்டுப் பார்ப்பதே முறை.

உடற்கூடு

சோதனை தொடங்க வேண்டிய இடம் இது. காரின் கட்டமைப்பு எத்தகையது என்பதை முதலில் அறிய வேண்டும். அம்பாசடர், ஃபியட் 1100, அதன் வழிவந்த பிரிமியர் பத்மினி ஆகியவற்றில் தனி அடிச்சட்டம் (சேஸிஸ்) கிடையாது. தகட்டுக் கூடே எடை முழுவதையும் தாங்குகிறது. கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி போன்ற பகுதியும் தரைத்தகடும் துருவில் அரித்துப் போனால் காரின் பலமே போய்விடும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு தனி சேஸிஸ் கொண்டது. உடற்பகுதிகள் அதன்மேல் போல்ட் போட்டு இணைக்கப்பட்டவை. அதில் சேஸிஸையும், பக்கவாட்டில் நீளும் தாங்கிகளையும் தனியே தட்டிப் பார்க்க வேண்டும்.

சக்கர வளைவுகள், கதவின் அடிவிளிம்பு, ஸ்பிரிங் பிணைக்கும் இடங்கள், டிக்கித் தரை, பேட்டரித் தட்டு ஆகியவை துரு முதலில் பிடிக்கும் இடங்கள். பளபளக்கும் பெயின்டுக்கு அடியில் பட்டி கனமாகப் பூசப்பட்டிருக்கலாம். மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் நல்ல தகட்டில் ஒட்டும், கனத்த பட்டியின்மேல் நழுவும். அலுமினியத்திலும் ஃபைபர் கிளாஸிலும் இச்சோதனை பயன்படாது. கதவைத் திறந்ததும் அது கீழே சரிந்தால் கீல் தேய்ந்திருக்கலாம், தூண் அரித்திருக்கலாம். கதவு இடைவெளி மேலும் கீழும் ஒன்றுபோல் இல்லையெனில் கூடு வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பல கார்களில் தகட்டுக்குள் மரச்சட்டம் இருக்கும். அது உளுத்திருந்தால் தகட்டைக் கழற்றி மரவேலை முழுவதையும் புதிதாகச் செய்ய நேரிடும்.

இன்ஜினும் இயக்கமும்

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே கிளப்பிப் பார்க்க வேண்டும். முன்பே சூடேற்றி வைத்த இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதியாகப் போகிறது. சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காவிட்டால் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது. ஆயில் மூடியின் உட்புறம் பால்போல் வெளுத்த படிவும் ஹெட் கேஸ்கெட் போயிருப்பதைக் காட்டலாம். கம்ப்ரஷன் மானியை வைத்துப் பார்க்கையில் சிலிண்டர்களுக்கிடையே 10 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் இன்ஜினைப் பிரிக்கும் செலவையும் கணக்கில் சேர்ப்பது நல்லது.

ரீபோர், பிஸ்டன் ரிங், வால்வு வேலை ஆகியவை நல்ல லேத் பட்டறைக்குப் பழகியவை. மிகப் பழைய இன்ஜின்களில் பேரிங்குகள் உருக்கிய வெள்ளை உலோகத்தை வார்த்துக் கடைந்து செய்யப்பட்டவை; அதை அறிந்த கைகள் அரிது, செலவும் அதிகம். ஈயம் கலந்த பெட்ரோலுக்கென்று வடிவமைத்த இன்ஜின்களில் கடினமான வால்வு இருக்கைகள் பொருத்த வேண்டிவரலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களை அரிப்பதால் அவற்றையும் மாற்றக் கணக்கிட வேண்டும்.

நெடுநாள் நின்ற காரில் பிரேக் சிலிண்டர்கள் இறுகியிருக்கும், ரப்பர்கள் கெட்டிருக்கும். ஓட்டிப் பார்க்க முடிந்தால் கியர் தானே விடுபடுகிறதா, கிளட்ச் வழுக்குகிறதா, ஸ்டியரிங்கில் ஆட்டம் உண்டா என்று கவனிக்கலாம்.

காணாமற் போனவை

கழன்ற நிலையில் பெட்டிகளில் அடைத்து விற்கப்படும் கார் மிகுந்த எச்சரிக்கைக்குரியது. அதில் எது இருக்கிறது, எது இல்லை என்று வாங்குபவருக்குத் தெரியாது. இன்ஜின் பாகத்தைக் கடைந்து செய்துவிடலாம்; அந்த ஆண்டுக்கே உரிய விளக்கு வளையம், மீட்டர், கிரில், பெயர்ச்சின்னம், வளைந்த கண்ணாடி ஆகியவற்றைத் தேடுவதில் ஆண்டுகள் கழியும். அம்பாசடர், பத்மினி போன்று பல்லாண்டு தயாரிக்கப்பட்ட கார்களுக்குச் சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் பாகம் கிடைக்க வாய்ப்பு அதிகம். குறைந்த எண்ணிக்கையில் இறக்குமதியான கார்களுக்கு அந்த வசதி இல்லை.

ஆவணம்

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் காரில் பொறித்தவற்றோடு ஒத்துப்போக வேண்டும். அசல் இன்ஜின் மாறியிருந்தால் மதிப்புக் குறையும். 2021 விதிகளின்படி விண்டேஜ் பதிவுக்கு வாகனம் அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், சான்று 10 ஆண்டு செல்லும். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்காகச் சாலையில் செல்லலாம். அன்றாட ஓட்டத்துக்கோ வணிகத்துக்கோ இப்பதிவு பயன்படாது.

செலவுக் கணக்கு

பாகங்களின் விலையைவிடக் கைவேலையே பெரும்பாலும் மிகுதி. டிங்கர் வேலையும் பெயின்டும் முதலிடம் பெறும். குரோம் பூச்சு, அப்ஹோல்ஸ்டரி, இன்ஜின், ஒயரிங் தொடரும். வேலைகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டு, அந்தந்தக் கைவினைஞரிடம் விலை கேட்டு, கூட்டுத்தொகையுடன் எதிர்பாராச் செலவுக்கென மூன்றில் ஒரு பங்கையாவது சேர்ப்பது விவேகம். பெயின்டைச் சுரண்டிய பிறகுதான் உண்மையான துரு தெரியவரும். அந்த மொத்தத்தோடு வாங்கும் விலையையும் கூட்டி, அதே மாதிரியில் நல்ல நிலையிலுள்ள காரின் சந்தை விலையோடு ஒப்பிட வேண்டும். மொத்தம் மிஞ்சினால், அந்தக் காரின்மேல் தனிப்பட்ட பாசம் உள்ளவருக்கே அந்த வேலை பொருந்தும்.

சீரமைப்பா, பாதுகாப்பா

எல்லாக் காருக்கும் முழுச் சீரமைப்பு நன்மை செய்வதில்லை. ஃபிரான்ஸில் ரோஜர் பையோன் என்பவர் சேர்த்துவைத்து, பல பத்தாண்டு கொட்டகைகளில் கிடந்த கார்கள் 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஏலம் விடப்பட்டன. அவற்றில் தூசி படிந்தபடியே வந்த ஃபெராரி 250 கலிஃபோர்னியா ஸ்பைடர் 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கும் மேல் விலை போனது. அபூர்வமான காரில் அசல் பெயின்டும் தோலும் அதன் வாழ்க்கைச் சான்றுகள். ஒருமுறை சுரண்டி எறிந்தால் எந்தப் பணமும் அவற்றை மீட்டுத் தராது. ஆகவே, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலோடு, தொடாமல் விடவேண்டியவற்றின் பட்டியலும் வாங்குமுன்பே எழுதப்பட வேண்டும்.