சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் ஆய்வுகள்

விருதுநகர் மாவட்டத்தின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் வேலை பார்த்த சிறுவர் சிறுமியரைப் பற்றி 1970-களின் இறுதியிலிருந்து வெளிவந்த ஆய்வுகள் ‘சிவகாசி ஆய்வுகள்’ எனலாம். குழந்தை உழைப்பு, கட்டாயக் கல்வி ஆகியவை குறித்த இந்தியச் சட்டங்களின் போக்கை மாற்றியதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

மாவட்டத்தின் மேற்கே ராஜபாளையம், வன்னியம்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் விவசாயமும் நூற்பாலைகளும் பிழைப்புத் தந்தன. கிழக்கே வானம் பார்த்த கரிசல் பூமியில் தீப்பெட்டிதான் கஞ்சி ஊற்றியது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் பழகி வந்ததிலிருந்து சிவகாசியின் தீப்பெட்டி வரலாறு தொடங்குகிறது. இயந்திரம் குறைவு, கைவேலை அதிகம். பள்ளம் வெட்டிய சட்டங்களில் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது, குச்சி அடைப்பது எல்லாமே எண்ணிக்கைக் கூலி. அடுக்கியவர்களில் பெரும்பாலோர் பெண் பிள்ளைகள். விடியுமுன் ஆலை வண்டி ஊருக்குள் வரும். அரைத் தூக்கத்தில் பிள்ளைகளை ஏற்றிவிடுவார்கள். இருட்டிய பின்தான் வீடு திரும்புவார்கள்.

இந்த நிலையை நாடறியச் செய்தது ஆய்வாளர் ஸ்மித்து கோத்தாரி 1983 ஜூலையில் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் எழுதிய கட்டுரை. சிவகாசி வட்டாரத்தில் சுமார் 45,000 குழந்தைகள் உழைத்தார்கள் என்பது அக்காலத்தில் பரவலாக எடுத்தாளப்பட்ட மதிப்பீடு. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியில் 14 வயதுக்குட்பட்டோரைத் தடைசெய்தது. 1987-இல் தேசியக் கொள்கையும், 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டமும் வந்தன. அத்திட்டம் தொடங்கிய முதல் இடங்களில் சிவகாசி ஒன்று. ஆலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளி, மதிய உணவு, உதவித்தொகை என்பது அதன் ஏற்பாடு. 2021-இல் இது சமக்ர சிக்ஷா திட்டத்தோடு இணைக்கப்பட்டது.

பல்கலைக்கழக ஆய்வுகளில் அதிகம் பேசப்பட்டது, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் மைரன் வீனர் 1991-இல் வெளியிட்ட ‘தி சைல்ட் அண்ட் தி ஸ்டேட் இன் இந்தியா’. அதிகாரிகள், கல்வியாளர்கள், தொழிற்சங்கத்தார் எனப் பலரிடமும் பேசிய அவர், வறுமையால்தான் குழந்தை வேலைக்குப் போகிறது என்ற வாதத்தை ஏற்கவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு உழைப்பே போதும் என்று படித்த வர்க்கத்தினர் நம்புவதுதான் தடை என்றார். இந்தியாவைவிட ஏழையாக இருந்தபோதே கட்டாயக் கல்வி கொண்டுவந்த நாடுகளைச் சான்றாகக் காட்டினார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் கௌசிக் பாசு, பாம் ஹோவாங் வானுடன் சேர்ந்து 1998-இல் எழுதியதோ வேறு கோணம்: பெற்றோர் கூலி ஓர் அளவுக்குக் கீழே போகும்போதுதான் பிள்ளை வேலைக்கு அனுப்பப்படுகிறது. கரிசல் ஊர்களைப் பொறுத்தவரை இரண்டுமே பொருந்தும். பெரியவர்களின் கூலியும் உயர வேண்டும், பள்ளியும் பக்கத்தில் இருக்க வேண்டும். சின்ன விரல்தான் வேகமாக வேலை செய்யும் என்ற பேச்சை மட்டும் அடியோடு தள்ளிவிடலாம். கம்பள நெசவை ஆராய்ந்த மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டெபோரா லெவிசனும் உடன் ஆய்ந்தோரும் அதற்கு ஆதாரமில்லை என்று காட்டினர்.

நீதிமன்றத்தின் பாதையும் நேராக இருக்கவில்லை. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் முதலில், உற்பத்தி நடக்கும் இடத்துக்கு அப்பால் பெட்டி அடைக்கும் வேலையில் குழந்தைகளை அனுமதித்து, பெரியவர் கூலியில் 60 விழுக்காடு தரச் சொன்னது. 1996 டிசம்பர் 10 தீர்ப்புதான், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி ரூ.20,000 கட்ட வேண்டும், அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்றது. கட்டாயக் கல்விக்கோ, 2010 ஏப்ரல் 1-இல்தான் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

ஆலை வாசலில் கண்காணிப்பு கூடியதும் பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைக்கு நகர்ந்தது. 1986 சட்டம் குடும்பத்தாரோடு செய்யும் வேலைக்கு விலக்கு அளித்திருந்தது. 2016 திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை எல்லாத் தொழில்களிலும் தடைசெய்து, 14 முதல் 18 வயதினரை வெடிபொருள் வேலையிலிருந்தும் விலக்கியது. ஆனால் பள்ளி நேரம் போக ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கை வைத்துக்கொண்டது. ஆலையை எண்ணிய ஆய்வுகள் சட்டத்தை மாற்றின. வீட்டுக்குள் நடக்கும் வேலையை எண்ணும் ஆய்வைப் பல்கலைக்கழகங்கள் இனியும் தள்ளிப்போடக் கூடாது.